தோள்மூட்டு இறுகிக் கை தூக்க முடியவில்லையா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள்மூட்டு இறுகிப்போகிற நோய், என்று வருகிறவர்களில் பலர், என்னிடம் வருவதற்கு முன்பே யாரிடமாவது கையைக் கொடுத்து இழுத்துத் திருகி, வலியை இரண்டு மடங்காக்கிக்கொண்டு வருகிறார்கள். இன்னும் சிலர் பயந்துபோய் கையை மாதக்கணக்கில் அசைக்காமல் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடியே வருகிறார்கள். இரண்டையும் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் யாருக்காவது தோள்வலி இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எனக்கு இருப்பது ஃப்ரோசன் ஷோல்டர்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாரும் சொல்வது கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். முதலில் தோளின் வெளிப்பக்கத்திலிருந்து மேல்கை வரைக்கும் ஒரு குடைச்சல். படுத்த வாகு சரியில்லை போலிருக்கிறது என்று விட்டிருப்பார்கள். அப்புறம் பிளவுஸ் கொக்கி மாட்டக் கை பின்னால் போகாது, ஆண்கள் என்றால் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுக்க முடியாது, தலை சீவ முடியாது, அலமாரி மேல்தட்டு எட்டாது. விளவங்கோடு பக்கத்து அம்மாமார் "கையப் பொக்க முடியல்ல மக்கா" என்பார்கள். பஸ் சட்டென்று பிரேக் போட்டு அந்தக் கை நினைக்காமல் நீண்டுவிட்டால், கண்ணில் நீர் வருகிற அளவுக்கு ஒரு வலி வெட்டி ஒன்றிரண்டு நிமிடம் விடாமல் நிற்கும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். இரண்டு முழங்கையையும் மடக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கைகளை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். நல்ல கை போகிற தூரத்தில் பாதிகூட வலிக்கிற கை போகவில்லை, வேறொருவர் பிடித்து மெதுவாகத் திருப்பினாலும் அதே இடத்தில் முட்டி நிற்கிறது என்றால் ஃப்ரோசன் ஷோல்டராக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்களாகத் தூக்க முடியாது, ஆனால் மற்றவர் தூக்கினால் கை மேலே போகிறது என்றால் அது பெரும்பாலும் தசைநார் கிழிசல். அதற்கு வழி வேறு. வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை இறங்கி, மரத்துப்போவதும் கூச்சம் எடுப்பதுமாக இருந்தால் கழுத்து எலும்பையும் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஏன் இவ்வளவு வலி?

ஃப்ரோசன் ஷோல்டரில் எக்ஸ்ரே சாதாரணமாகத்தான் இருக்கும், ஏனென்றால் கோளாறு எலும்பில் இல்லை. மூட்டுத் தேய்மானமோ எலும்பு முறிவோ மூட்டு விலகலோ இல்லை என்று உறுதி செய்யத்தான் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். வலிப்பு வந்த பிறகோ கரண்ட் அடித்த பிறகோ கை வெளிப்பக்கம் திரும்பவில்லை என்றால் மட்டும் எக்ஸ்ரே எடுக்காமல் இருக்கவே கூடாது; மூட்டு பின்பக்கமாக விலகி நின்றாலும் இதே மாதிரிதான் தோன்றும். எம்ஆர்ஐ பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது.

தோள்மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. பிளவுசில் அக்குளுக்குக் கீழே கொஞ்சம் துணி தாராளமாக விட்டுத் தைத்தால்தான் கையைத் தூக்க முடியும் இல்லையா, அதே மாதிரி இந்த உறையிலும் அக்குள் பக்கம் ஒரு தளர்ந்த மடிப்பு உண்டு. இந்த நோயில் உறை முதலில் அழற்சி கண்டு வீங்குகிறது, பிறகு தடித்து, தழும்புபோலாகி, அந்த மடிப்பே இல்லாமல் சுருங்கிவிடுகிறது. மூட்டுக்குள் இருக்கும் இடமும் குறைந்துவிடும். அழற்சி இருக்கும்வரை வலி, சுருங்கிய பிறகு இறுக்கம்.

நான் எங்கேயும் விழவில்லை, பாரம் தூக்கவில்லை. எனக்கு ஏன் வந்தது?

பெரும்பாலும் காரணம் எதுவும் தெரியாமல்தான் வருகிறது. 40 முதல் 60 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். பொதுவாக நூறு பேரில் 2 முதல் 5 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரலாம் என்று சொல்லப்படுகிறது. சுகர் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு அதிகம். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் கூடுதல். கை முறிந்து கழுத்தில் தொங்கும் தொட்டில் கட்டுப் போட்டிருந்தவர்கள், மார்பகத்திலோ இதயத்திலோ ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், இவர்களெல்லாம் கையை அசைக்காமல் வைத்திருந்ததாலேயே இறுகிவிடுவது உண்டு.

சுகர் விஷயத்தை நான் மறுபடி மறுபடி சொல்வேன். தோள்வலி என்று வந்து, சொன்னதற்காக ரத்தம் சோதித்துப் பார்த்து, தனக்கு சுகர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிய வந்தவர்கள் நம் ஊரில் நிறைய. ஃப்ரோசன் ஷோல்டர் என்று டாக்டர் சொன்னால் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் இவற்றையும் பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள். தோள் காட்டிக்கொடுத்த சுகரைச் சீக்கிரம் பிடித்தால் கண்ணும் சிறுநீரகமும் காலும் தப்பிக்கும்.

எவ்வளவு நாளில் சரியாகும்?

இந்தக் கேள்விக்கு யாராவது "பத்து நாளில்" என்று பதில் சொன்னால் அவரிடம் போகாதீர்கள்.

இந்த நோய் மூன்று கட்டமாக நகர்கிறது. முதலில் வலிக் கட்டம், 2 முதல் 9 மாதம் வரை: வலி நாளுக்கு நாள் ஏறும், கை கொஞ்சம் கொஞ்சமாக இறுகும், இரவில் மோசம். அடுத்து இறுக்கக் கட்டம், சுமார் 4 முதல் 12 மாதம்: சும்மா இருக்கும்போது வலி குறைந்திருக்கும், ஆனால் கை ஓர் எல்லைக்கு மேல் போகாது. கடைசியாகத் தளரும் கட்டம், 5 மாதத்திலிருந்து 2 வருடம் வரைகூட இழுக்கலாம். மொத்தத்தில் 1 வருடம் முதல் 3 வருடம். பெரும்பாலானவர்களுக்கு அன்றாட வேலைக்கு வேண்டிய அளவு கை திரும்பிவிடும். சிலருக்கு, குறிப்பாக சுகர் உள்ளவர்களுக்கு, கடைசிக் கொஞ்சம் இறுக்கம் தங்கிவிடுவதும் உண்டு.

இதைச் சொன்னதும் முகம் வாடிப்போவதைத் தினமும் பார்க்கிறேன். மூன்று வருடமும் இதே வலி இருக்காது. கடும் வலி என்பது முதல் கட்டத்தோடு பெரும்பாலும் அடங்கிவிடும், அந்தக் கட்டத்தைச் சுருக்கவும் தாங்கிக்கொள்ளவும் வழிகள் இருக்கின்றன. எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் சிகிச்சை. அதைக் கேட்காமல் எல்லாருக்கும் ஒரே கரண்ட் சிகிச்சை, ஒரே இழுப்பு என்று பார்ப்பது எனக்குச் சம்மதம் இல்லை.

ராத்திரி தூங்கவே முடியவில்லை, என்ன செய்ய?

இதுதான் ஆளை உடைத்துவிடுகிறது. பகலில் எப்படியோ ஓட்டிவிடுகிறார்கள், இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு அழுகிற அக்காமார் இருக்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு இது புரிவதில்லை, வெளியே வீக்கமோ கட்டோ எதுவும் தெரியாததால் "சும்மா சொல்றா" என்று விட்டுவிடுகிறார்கள். இது உண்மையான வலி என்று இதைப் படிக்கிற கணவர்மார், பிள்ளைகள் தயவுசெய்து நம்புங்கள்.

மல்லாந்து படுத்தால் மேல்கையும் முழங்கையும் பாயில் பின்னால் தொங்கிப்போகும், அதுதான் குடைச்சலைக் கூட்டுகிறது. ஒரு துண்டை நான்காக மடித்தோ சின்னத் தலையணையோ முழங்கைக்கும் மேல்கைக்கும் அடியில் கொடுத்து, கை நெஞ்சு மட்டத்துக்கு வருகிற மாதிரி வையுங்கள். ஒருக்களித்துப் படுப்பவர் என்றால் நல்ல பக்கம் கீழே இருக்கட்டும், ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்து வலிக்கிற கையை அதன்மேல் போடுங்கள். வலிக்கிற பக்கம் படுக்கவே வேண்டாம். படுப்பதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் சுடு ஒத்தடம் கொடுங்கள், டாக்டர் வலி மாத்திரை எழுதியிருந்தால் அதை இரவு நேரத்துக்கு வருகிற மாதிரி வைக்கலாமா என்று கேளுங்கள். சிலருக்குச் சாய்வு நாற்காலியில் அரைவாசி சாய்ந்து தூங்குவது முதல் சில வாரங்களுக்கு ஆறுதலாக இருக்கும், அதில் தப்பில்லை.

சட்டையோ நைட்டியோ போடும்போது வலிக்கிற கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். முன்பக்கம் திறக்கிற உடுப்பு கொஞ்ச காலத்துக்கு நல்லது.

மெடிக்கல் ஸ்டோரில் வலி மாத்திரை வாங்கிப் போடலாமா?

பாராசிட்டமால் சொன்ன அளவில் போடுவது பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஈரல் நோய் இருந்தாலோ குடிப்பழக்கம் இருந்தாலோ கேட்டுவிட்டுப் போடுங்கள். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரைகள் வலியை நன்றாகக் கேட்கும், ஆனால் சுகர், பிரஷர், சிறுநீரகக் கோளாறு, அல்சர், இதய நோய் இருக்கிறவர்கள் சீட்டு இல்லாமல் தொடக் கூடாது. இந்த நோய் மாதக்கணக்கில் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். மூன்று நாளைக்கு என்று வாங்கிய பட்டை மூன்று மாதம் ஓடி, சிறுநீரகத்தில் போய் முடிவதைவிட ஒரு முறை டாக்டரைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

தோளில் ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

ஸ்டீராய்டு என்ற சொல்லே பயமுறுத்துகிறது, புரிகிறது. தினமும் மாத்திரையாக நீண்ட நாள் எடுப்பது வேறு, மூட்டுக்குள் ஒரு முறை போடுகிற ஊசி வேறு. வலிக் கட்டத்தில், அதுவும் ஆரம்ப மாதங்களில், அழற்சியைத் தணித்து இரவுத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுப்பதில் இந்த ஊசி நன்றாக வேலை செய்கிறது. வலி குறைந்த அந்த வாரங்களில் பயிற்சியைச் சேர்த்துச் செய்தால்தான் முழுப் பலன், ஊசி போட்டாச்சு என்று சும்மா இருந்தால் பாதிதான். இறுகிப்போய் வலி அடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பயன் இருக்காது.

சுகர்காரர்கள் கவனமாகக் கேளுங்கள். ஊசி போட்ட அடுத்த சில நாட்களுக்கு, சிலருக்கு ஒரு வாரம் வரைக்கும், ரத்தச் சர்க்கரை ஏறும். இன்சுலின் போடுபவர்களுக்கு இன்னும் அதிகமாக ஏறலாம். சுகர் கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும், போட்ட பிறகு அந்த வாரம் அடிக்கடி சோதிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள். ஊசி போட்டபின் காய்ச்சல் வந்து, தோள் சிவந்து, வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே திரும்பிப் போங்கள்.

உப்புநீரை மருந்தோடு சேர்த்து மூட்டுக்குள் செலுத்தி உறையை விரிப்பது, தோள் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போடுவது என்று வேறு முறைகளும் இருக்கின்றன. ஸ்கேன் பார்த்துச் செய்யத் தெரிந்த இடத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

நன்றாக இழுத்துவிட்டால் சீக்கிரம் விட்டுவிடும் என்கிறார்களே?

விடாது. வலிக் கட்டத்தில் வலிக்க வலிக்க இழுத்தால் அழற்சி கூடும், தசைகள் பயந்து இறுகும், அன்று இரவு தூக்கம் போகும், அடுத்த நாள் கை முன்பைவிடக் குறைவாகப் போகும். வெளிநாட்டிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 77 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2004-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வலி எல்லை தாண்டிக் கடுமையாக இழுக்கும் பிசியோதெரபி. இன்னொரு பிரிவினருக்கு நோயைப் பற்றி விளக்கிச் சொல்லி, வலிக்காத அளவுக்கு மட்டும் மென்மையான பயிற்சி. 2 வருட முடிவில் மென்மையாகச் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குத் தோள் இயல்பாகவோ கிட்டத்தட்ட இயல்பாகவோ ஆகியிருந்தது, கடுமையாக இழுத்தவர்களில் 63 சதவீதம் பேருக்குத்தான்.

என் துறையில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு அழுதால் சிகிச்சை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம் இல்லை. நீங்கள் நோயாளி என்றால், "போதும், இதுக்கு மேல வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதைக் கேட்டுக் கையை விடாதவரிடம் மறுநாள் போக வேண்டாம். தளரும் கட்டம் வந்தபிறகு கொஞ்சம் அழுத்தி நீட்டலாம், அப்போது தோளே அதற்கு இடம் கொடுக்கும்.

வர்ம ஆசானிடம் தடவலாமா?

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வர்மம் இங்கே பரம்பரையாக வந்த வைத்தியம், களரியில் அடிபட்டவர்களை ஆசான்மார் எழுப்பிவிட்ட கதைகளைக் கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். அதை இகழ்ந்து பேச நான் தயாராக இல்லை. இளஞ்சூட்டில் எண்ணெய் போட்டு மெதுவாகத் தடவுவது, கிழி ஒத்தடம், இவற்றால் தசை தளர்ந்து சிலருக்கு அன்று இரவு தூக்கம் வருகிறது. அதுவே பெரிய உதவிதான். உறை சுருங்கியிருப்பதை எண்ணெய் போய் விரித்துவிடாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.

கூடாதது மூன்று விஷயம். "எலும்பு பிசகியிருக்கு" என்று சொல்லிச் சட்டென்று வெட்டி இழுப்பது; மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்கலாம், மேல்கை எலும்பு முறிந்துவிடும் ஆபத்து உண்டு. அடுத்தது, பற்றுப் போட்டு வாரக்கணக்கில் அசையாமல் கட்டி வைப்பது. அசையாமல் இருப்பதே இந்த நோயை வளர்க்கும். மூன்றாவது, பெயர் எழுதாத சூரணமும் மாத்திரையும். இரண்டு நாளில் வலி மாயமாகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு, அளவு தெரியாமல் மாதக்கணக்கில் அதைத் தின்றால் சுகரும் பிரஷரும் ஏறும். நாட்டு வைத்தியம்தான் வேண்டும் என்பவர்களுக்கு முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன, படித்த மருத்துவர்களைப் பார்த்து, சாப்பிடுகிற மற்ற மாத்திரைகளையும் சொல்லிச் சிகிச்சை எடுங்கள். சுகர் மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம்.

வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?

முதலில் அளவைச் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சியைவிட அளவுதான் முக்கியம். வலியே இல்லாததற்கு பூஜ்யம், தாங்கவே முடியாததற்கு 10 என்று வைத்துக்கொண்டால், பயிற்சியின்போது 3, 4-க்கு மேல் போகக் கூடாது. முடித்து அரை மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். அன்று இரவு வலி கூடினால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, ஐந்து ஐந்து நிமிடமாக ஒரு நாளில் நாலைந்து தடவை செய்வது நல்லது. குளித்து முடித்த சூட்டிலோ ஒத்தடம் கொடுத்த பிறகோ செய்தால் கை இன்னும் இணங்கி வரும்.

வலிக் கட்டத்தில் ஊசல் பயிற்சியே போதும். நல்ல கையை மேசையில் ஊன்றி முன்னால் குனிந்து, வலிக்கிற கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, உடம்பை லேசாக ஆட்டி அதன் போக்கில் கை முன்னும் பின்னும் சின்ன வட்டமாகவும் அசையட்டும். தோள் தசையை வைத்துக் கையை வீசாதீர்கள். அடுத்தது, மேசைமுன் உட்கார்ந்து ஒரு துண்டின்மேல் கையை வைத்து, உடம்பைச் சாய்த்தபடி துண்டோடு கையை முன்னால் நகர்த்துவது. அப்புறம் மல்லாந்து படுத்து, நீளமான குடையையோ ஒரு கம்பையோ இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையின் பலத்தில் இரண்டையும் தலைப்பக்கம் கொண்டு போவது. அதே கம்பை வைத்து, முழங்கை விலாவை விட்டு விலகாமல், நல்ல கையால் தள்ளி வலிக்கிற முன்கையை வெளிப்பக்கம் திருப்புவதும் செய்யுங்கள். முதலில் பறிபோவது இந்த அசைவுதான், பலர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

வலி தணிந்து இறுக்கம் மட்டும் மிச்சம் இருக்கும்போது சுவரில் விரலால் ஏறுவது, முழங்கையைப் பிடித்து மார்புக்குக் குறுக்கே இழுப்பது, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேலே இருக்கும் நல்ல கையால் மெதுவாகத் தூக்குவது எல்லாம் சேர்க்கலாம். சுவரில் பென்சிலால் தேதி போட்டு எட்டிய உயரத்தைக் குறித்து வையுங்கள். தினமும் பார்த்தால் ஒன்றும் நகராத மாதிரி தோன்றும், மாதம் கழித்துப் பார்த்தால் தெரியும். கிணற்றுக் கப்பியில் கயிறு போட்டு இழுப்பது நம் ஊரில் ரொம்பப் பிரபலம். தளரும் கட்டத்தில், நல்ல கையால் மெதுவாக இழுத்து மற்றக் கையைத் தூக்கினால் அது நல்ல பயிற்சிதான். வலிக் கட்டத்தில் வேண்டாம். தண்ணீர் நிறைந்த வாளியை இழுப்பது எந்தக் கட்டத்திலும் பயிற்சி ஆகாது.

சுடு ஒத்தடமா, ஐஸா?

எது இதமாக இருக்கிறதோ அது. பெரும்பாலானவர்களுக்குச் சூடு பிடிக்கும், கொதிக்கிற வலி உள்ள சிலருக்கு ஐஸ். இரண்டுமே நோயை மாற்றாது, வலியைத்தான் தணிக்கும். சுகரால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை நல்ல கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள், மேலே துணி சுற்றாமல் வைத்துப் பொள்ளிப்போய் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் கூடுமா? மரச்சீனி, புளி எல்லாம் விட வேண்டுமா?

நமக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரக் காற்றில் வலி அதிகம் தெரிகிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், போர்த்திக்கொண்டு ஒத்தடம் கொடுங்கள். மழை இந்த நோயைக் கொண்டுவருவதில்லை. எந்தச் சாப்பாடும் தோளை இறுக்குவதும் இல்லை. மரச்சீனிக் கிழங்கு வாயு என்று விட வேண்டாம், ஆனால் அது முழுக்க மாவுச்சத்து, சுகர் இருந்தால் கொஞ்சமாக எடுத்து மீன்கறியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகலாமா?

போகலாம், வேலையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள், குலசேகரம், கீரிப்பாறை பக்கத்திலிருந்து விடியற்காலை வேலை முடித்துவிட்டு நேராக வருவார்கள். மார்பு மட்டத்துக்குக் கீழே வெட்டுகிற மரங்கள் பெரும்பாலும் பிரச்சினை செய்வதில்லை. தலைக்கு மேல் கை தூக்கி வெட்டுகிற பழைய மரங்களைக் கொஞ்ச மாதம் வேறொருவருக்கு விட்டுக்கொடுங்கள், பால் வாளியை நல்ல கையில் எடுங்கள். நாள்கூலிக்காரரிடம் ஓய்வெடு என்று சொல்வது எளிது, அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே. அதனால் எந்த வேலையை விட வேண்டும் என்பதைவிட எந்த அசைவை விட வேண்டும் என்று பார்ப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்: தலைக்கு மேல் தூக்குவது, சட்டென்று எட்டுவது, பின்னால் கை கொண்டுபோய் இழுப்பது.

குளச்சல், முட்டம் பக்கத்து மீனவர்களுக்கு வலை இழுப்பதில் இந்த மூன்றும் சேர்ந்தே வரும், வலிக் கட்டத்தில் படகில் வேறு பொறுப்பு பார்க்க முடிந்தால் நல்லது. தென்னையோ பனையோ ஏறுகிறவர்கள் இரண்டு கையும் முழுதாகத் தூக்கவும் பிடிக்கவும் வரும்வரை ஏறவே வேண்டாம், இது வலிக்காகச் சொல்வதில்லை, உயிருக்காகச் சொல்வது. அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) உட்கார்ந்து செய்கிற வேலை தோளுக்குப் பெரிய தொந்தரவு இல்லை, தட்டைத் தூக்கி வைப்பதை மட்டும் பக்கத்தில் இருப்பவர் செய்யட்டும். வீட்டில் துணி அலக்குவது, அம்மியில் அரைப்பது எல்லாம் இடுப்பு மட்டத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், கொடியைத் தாழ்த்திக் கட்டுங்கள். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்காமல் நல்ல கையால் சீட்டுக் கம்பியைப் பிடியுங்கள்.

ஆபரேஷன் செய்தால் ஒரே நாளில் சரியாகிவிடுமா?

ஆகாது. மயக்கம் கொடுத்துக் கையை அசைத்து உறையைத் தளர்த்துவது ஒரு முறை, சின்னத் துளை போட்டு உறையை வெட்டிவிடுவது இன்னொரு முறை. இரண்டுக்குப் பிறகும் வாரக்கணக்கில் பயிற்சி செய்தே ஆக வேண்டும். பிரிட்டனில் 503 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2020-ல் வெளிவந்தது. இந்த இரண்டு முறைகளையும், ஸ்டீராய்டு ஊசியோடு சேர்ந்த ஒழுங்கான பிசியோதெரபியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1 வருட முடிவில் நோயாளிக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிகிற அளவுக்கு எதுவும் மற்றதை மிஞ்சவில்லை. அதனால் ஊசி, பயிற்சி எல்லாம் பல மாதம் சரியாகச் செய்தும் கை அசையாதவர்களுக்குத்தான் ஆபரேஷன் என்பது என் கருத்து. முதல் சந்திப்பிலேயே ஆபரேஷன் தேதி கொடுத்தால் இன்னொரு எலும்பு டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள்.

எப்போது தாமதிக்காமல் ஓட வேண்டும்?

இடது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் அது தோள் விஷயமே இல்லாமல் இருக்கலாம், உடனே 108-ஐ அழையுங்கள். காய்ச்சலோடு தோள் வீங்கிச் சிவந்திருந்தால், விழுந்த பிறகு கை தூக்க முடியாமல் போனால், கையில் திடீரென்று பலம் குறைந்தால், தோளில் கட்டி தெரிந்தால், காரணம் இல்லாமல் உடம்பு மெலிந்தால், முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்தால் எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். நீண்ட நாள் பீடி, சிகரெட் பிடித்தவருக்குத் தோள்வலியோடு உள்ளங்கைத் தசை மெலிந்து பிடி தளர்ந்தால் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும்.

காசு அதிகம் செலவழிக்க முடியாது. எங்கே போவது?

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மூட்டுப் பிரிவு இருக்கிறது. பக்கத்து அரசு மருத்துவமனையிலும் சுகர் சோதனையும் எக்ஸ்ரேயும் கேட்டுப் பாருங்கள். வெளியே வர முடியாத வயதானவர்கள், பக்கவாதத்தோடு தோளும் இறுகியவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். தனியாரிடம் போனாலும் தினமும் போக வேண்டியது இல்லை. சரியாகக் கற்றுக்கொடுத்தால் வாரத்துக்கு ஒரு முறை காட்டிவிட்டு மற்றதை வீட்டில் செய்யலாம்.

ஒரு தோள் சரியான பிறகு மறுபடி வருமா? மற்றத் தோளுக்கும் வருமா?

சரியான அதே தோளுக்கு மறுபடி வருவது அபூர்வம். மற்றத் தோளுக்கு வருவது அவ்வளவு அபூர்வம் இல்லை, சில வருடம் கழித்துச் சிலருக்கு வருகிறது, சுகர்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். அதற்காக இப்போதே நல்ல கையைக் குறுக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். சுகரைக் கட்டுக்குள் வையுங்கள், குளிக்கும்போது இரண்டு கையையும் மேலே தூக்கியும் பின்னால் கொண்டுபோயும் பாருங்கள். மற்றக் கை வெளிப்பக்கம் திரும்புவது குறைகிற மாதிரி தெரிந்தால் இரவு வலி பிடிக்கும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே காட்டுங்கள். ஊசி நன்றாகக் கேட்கிற காலம் அதுதான்.